ஆச்சிக்குப் போடத் தெரிய வேண்டும்: பாட்டுப் பெட்டியோடு இரண்டு வாரம்

தார்சா_ஓரம் (இழையைத் தொடங்கியவர்)

அக்கா மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தபோது ஒரு பாட்டுப் பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனான். வைஃபையில் ஓடுகிற ஸ்பீக்கர். துணி சுற்றிய பக்காப் படி அளவு இருக்கும். "ரெண்டு வாரம் வச்சுப் பாருங்க மாமா. பிடிச்சா உங்களுக்கு, பிடிக்கலைன்னா திருப்பி எடுத்துக்கிடுதேன்" என்றான். இன்றோடு ஆறு நாள் ஆகிறது. நடந்ததைச் சொல்கிறேன், விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

வீடு திருநெல்வேலி டவுனில், ரத வீதியை ஒட்டிய முடுக்கு. பழைய கட்டு வீடு: தார்சா, பட்டாசல், இரண்டாம் கட்டு, அடுக்களை என்று ரயில் பெட்டி போல நீளும். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர், இரண்டடி கனம். ரவுட்டர் மச்சில் இருக்கிறது, மகள் பத்தாம் வகுப்பு என்பதால் அங்கேதான் இருக்க வேண்டும் என்று சட்டம். வீட்டில் அப்பா, அம்மா, நான், மனைவி, மகள். மகன் சென்னையில் கல்லூரி. அம்மாவை இனி ஆச்சி என்றே எழுதுகிறேன், வீட்டில் எல்லோருக்கும் அவள் ஆச்சிதான். வயது 78.

முதல் நாள் முழுக்கப் பெட்டி வைஃபையில் சேரவே இல்லை. போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தது, பெட்டிக்குத் தெரிந்தது 2.4 மட்டும். ரவுட்டரில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்ததால் இது எனக்கு விளங்கவே ராத்திரி பத்து மணி ஆகிவிட்டது. 2.4-க்குத் தனிப் பெயர் வைத்தபிறகு ஒரு நிமிடத்தில் சேர்ந்துகொண்டது.

அப்புறம் மூன்று நாள் வீடே திருவிழா. மகள் அவள் பாட்டைப் போட்டாள், மனைவி அடுக்களையிலிருந்தே சத்தம் கூட்டச் சொன்னாள். நான் காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரத்தைத் தேடிப் போட்டேன். ஆச்சி பூத்தொடுத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். சின்ன வயதில் சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு கல்யாணத்தில் அவர் வாசித்ததை நேரில் கேட்டவள். அவர் 1964-ல் போய்விட்டார், அப்போது இவளுக்குப் பதினேழு பதினெட்டு இருக்கும். "இது அவரேதான். அந்த ஊதல் வேற யாருக்கும் வராது" என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

ஐந்தாம் நாள்தான் சிக்கல். ஆலாபனை நல்ல உச்சத்தில் இருக்கும்போது சட்டென்று நின்றுவிட்டது. ஒரு வார்த்தை இல்லை, ஒரு அறிவிப்பு இல்லை. ஆச்சி என்னைப் பார்த்து, "ஏன்டே, பாதியில எந்திரிச்சுப் போயிட்டாரு? சன்மானம் கொறைஞ்சு போச்சா?" என்றாள். பிறகுதான் தெரிந்தது, பெட்டியில் இருப்பது மகனின் பாட்டுச் செயலிக் கணக்கு. அவன் சென்னையில் மின்சார ரயிலில் ஏறி உட்கார்ந்து போனில் பாட்டுப் போட்டிருக்கிறான். ஒரு கணக்குக்கு ஒரு நேரத்தில் ஒரு இடம்தான். அவன் அங்கே தொட்டால் இங்கே நின்றுவிடும். அவன் பக்கத்துப் புகார் வேறு: "அப்பா, எனக்கு ஆப்பைத் திறந்தா ஒரே நாதஸ்வரமா வருது."

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நாங்கள் மூவரும் வெளியே போய்விட்டால் வீட்டில் அப்பாவும் ஆச்சியும் மட்டும்தான். இருவரிடமும் இருப்பது பட்டன் போன். பாட்டுப் பெட்டி அலமாரியில் பிள்ளையார் மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கிறது. வாயால் சொன்னால் போடும் என்கிறார்கள், ஆனால் எங்கள் பெட்டிக்கு ஆங்கிலமும் இந்தியும்தான் தெரியும்.

என் சோதனை ஒன்றே ஒன்றுதான். யாரையும் கேட்காமல், ஆச்சி தனியாக இருக்கும்போது, அவள் நினைத்த பாட்டை அவளே போட வேண்டும். அது முடிந்தால் பெட்டி இருக்கும், இல்லாவிட்டால் பெங்களூருக்குத் திரும்பும்.

---

பாளை_பஸ்ஸ்டாண்ட்

கணக்குச் சிக்கல் சுலபம் அண்ணாச்சி. குடும்பத் திட்டம் என்று ஒன்று உண்டு. ஆறு பேர் வரை சேரலாம், ஆளுக்குத் தனிக் கணக்கு. ஆச்சி பெயரில் ஒன்று போட்டுவிடுங்கள். மகனுக்கு நாதஸ்வரம் வராது, ஆச்சிக்கு அவன் கேட்கிற ராப் வராது.

ஆச்சியின் இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சன்மானம் உண்மையிலேயே குறைவுதான்.

---

கல்லிடை_அப்பளம்

பேசிப் பழக்கலாம், பயப்படாதீர்கள். என் மாமியாருக்கு வயது 74. ஒரு மாதத்தில் "ப்ளே", "ஸ்டாப்", "வால்யூம் அப்" மூன்றும் பழகிவிட்டார்கள். பாட்டின் பெயரை அப்படியே தமிழில் சொல்வார்கள். பத்துக்கு ஆறு முறை சரியாக வரும். மீதி நாலு முறை எதையோ பாடும், அதையும் உட்கார்ந்து கேட்பார்கள். ஒருநாள் முருகன் பாட்டுக் கேட்டதற்கு பஞ்சாபி கல்யாணப் பாட்டு வந்தது. "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டார்கள்.

---

தார்சா_ஓரம்

கல்லிடை அக்கா, நீங்கள் சொன்னதை நேற்று ஆச்சியிடம் செய்து பார்த்தேன். முதலில் பெட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், பிறகு கேட்க வேண்டும் என்றேன். "பாட்டுக் கேக்கணும்னா ஒவ்வொரு தடவையும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடணுமா? அவ என்ன நம்ம வீட்டு வேலைக்காரியா? நல்லாருக்காது" என்றாள். சரி, மரியாதையாகவே கூப்பிடு என்றால், "ஏளா தாயி, கொஞ்சம் பாடுதியா" என்று கேட்டாள். பெட்டியில் விளக்கு சுற்றிச் சுற்றி எரிந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொன்னாள். நாம் பேசுவதை அது கேட்டுக்கொண்டே இருக்கும் என்றால், மதினி வீட்டுச் சங்கதி எல்லாம் எப்படிப் பேசுவதாம்? பின்னால் மைக்கை அணைக்கிற சுவிட்ச் இருப்பதைக் காட்டினேன். அன்றிலிருந்து அது அணைந்தே கிடக்கிறது.

---

ஒலிப்பித்தன்_நெல்லை

எல்லோரும் யார் போடுவது என்று பேசுகிறீர்கள். எப்படிக் கேட்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லையே? இந்தச் சின்னப் பெட்டிகளை நான் சோதிக்கிற விதம் வேறு. வில்லுப்பாட்டு போட்டுப் பாருங்கள். வில்லில் கட்டிய மணி, வீசுகோல் படும் சத்தம், தாளம் எல்லாம் பளிச்சென்று வரும். குடம் வராது. குடத்து வாயில் மட்டையால் அடிக்கும்போது ஒரு "தும்" வயிற்றில் விழ வேண்டும். படி அளவுப் பெட்டியில் அது விரலால் அட்டைப்பெட்டியைத் தட்டின மாதிரிதான் இருக்கும். அந்தக் காற்றைத் தள்ளுகிற அளவுக்கு உள்ளே இருக்கும் கூம்புக்கு அகலம் கிடையாது.

இரண்டாவது, தரம். குறுந்தட்டு (சிடி) என்பது நொடிக்கு 1411 கிலோபிட். நீங்கள் கேட்பது அதிகம் போனால் 320. ஃபிளாக் என்று ஒரு கோப்பு வகை இருக்கிறது. ஒன்றும் இழக்காமல், குறுந்தட்டில் ஏறக்குறைய பாதி அளவுக்குச் சுருங்கும். அதைக் கேட்டுப் பழகின காது வேறெதற்கும் இறங்காது.

---

வயர்_அண்ணாச்சி

ஒலிப்பித்தன் தம்பி, ஆச்சிக்கு 78 வயது. 320-க்கும் 1411-க்கும் வித்தியாசம் எனக்கே கேட்பதில்லை. குடத்தைப் பற்றிச் சொன்னது மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு வழி, பெட்டியின் ஒலியை வீட்டில் கிடக்கிற பழைய பெரிய ஸ்பீக்கருக்குக் கொண்டுபோவதுதான்.

தார்சாக்காரருக்கு மூன்று விஷயம்.

ஒன்று, அந்த இரண்டடிச் சுவர். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம், சுவரைத் தாண்டுவதில் சோதா. 2.4 அதைவிடத் தள்ளிப் போகும், ஆனால் உங்கள் வீட்டில் மச்சிலிருந்து அடுக்களை வரை அதுவும் மூச்சு வாங்கும். மச்சிலிருந்து பட்டாசலுக்கு ஒரு லான் வயரை இறக்கி, அங்கே இன்னொரு சின்ன ரவுட்டர் வையுங்கள். சுவர்ப் பிளக்கில் மாட்டுகிற வைஃபை பெருக்கிகளை எல்லாம் நம்பாதீர்கள். வயருக்கு நிகர் வயர்தான். (என் பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.)

இரண்டு, போனில் பெட்டியே தெரியவில்லை என்று சில நாள் சொல்வீர்கள். ரவுட்டரில் விருந்தினர் வைஃபை போட்டிருந்தால் அதில் சேர்ந்த கருவிகளை ஒன்றையொன்று பார்க்கவிடாது. போனும் பெட்டியும் ஒரே வலையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும்.

மூன்று, புளூடூத்தில் போடாதீர்கள். அதில் பாட்டு போன் வழியாகத்தான் போகும். போன் மணி அடித்தால் பாட்டு நிற்கும், போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனால் பாட்டும் உங்களோடு தெருவுக்கு வந்துவிடும். வைஃபையில் போன் வெறும் ரிமோட் மாதிரி. பெட்டியே நேராக இணையத்திலிருந்து இழுத்துக்கொள்ளும்.

டேட்டா தீர்ந்துவிடுமோ என்று யாராவது கேட்பார்கள், அதற்கும் இங்கேயே கணக்கு: 320 கிலோபிட்டில் ஒரு மணி நேரம் 144 எம்பி. தினம் ஆறு மணி நேரம் ஓடினால் மாதம் 26 ஜிபி. வீட்டு பிராட்பேண்டுக்கு இது கொசு. போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினால்தான் கையைக் கடிக்கும்.

---

சென்னையில்_நெல்லை

இவ்வளவும் எதற்கு? ஆச்சிக்கு வானொலி வாங்கிக் கொடுங்கள். 1963-லிருந்து ஓடுகிற நிலையம் ஊரிலேயே இருக்கிறது. மத்திய அலையில் 1197-ல் முள்ளை வைத்தால் போதும். எங்கள் வீட்டில் அந்த முள் நெல்லையில் நிற்கும், இல்லாவிட்டால் இலங்கையில் நிற்கும். வேறு எங்கேயும் போனதாக எனக்கு நினைவில்லை. என்ன பாட்டு என்று நாமா தேர்ந்தெடுத்தோம்? அவன் போட்டதைக் கேட்டோம். பிடித்தது வந்தால் அடுக்களையிலிருந்து ஓடி வந்தோம்.

பெட்டியே வேண்டும் என்றால் பிரசார் பாரதியின் செயலியில் ஆகாசவாணி நிலையங்கள் நேரலையில் வருகின்றன. நான் தாம்பரத்தில் உட்கார்ந்து அப்படித்தான் கேட்கிறேன்.

---

தார்சா_ஓரம்

சென்னை நண்பரே, அதைச் செய்தேன். வீட்டில் சண்டை வந்துவிட்டது.

அப்பாவுக்குச் சுவர்க் கடிகாரத்தைத் திருத்துகிற வேலை ஒன்று உண்டு. காலைச் செய்தி தொடங்குகிற நொடியில் முள்ளைச் சரிசெய்வார். நாற்பது வருடப் பழக்கம். நான் பெருமையாகப் பெட்டியில் வானொலியை ஓடவிட்டேன். அப்பா அதைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்தினார். பிறகு தன் பழைய டிரான்சிஸ்டரைப் போட்டார். அதில் செய்தி வாசிப்பவர் பெட்டியில் இருப்பவரைவிட நாலைந்து வரி முன்னால் போய்க்கொண்டிருந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்து நேரம் பார்த்தோம், அரை நிமிடத்துக்கு மேல் வித்தியாசம். ஒரே ஆள், ஒரே குரல், ஒன்று முந்தி, ஒன்று பிந்தி.

"ஒரு லட்ச ரூவா கொடுத்தாலும் பழைய செய்தி சொல்லுத பெட்டி எனக்கு வேண்டாம்" என்றார் அப்பா. இணையத்தில் வருவது துண்டு துண்டாகச் சேர்ந்து, கொஞ்சம் சேமித்துக்கொண்டு ஓடும், அதனால் தாமதம் என்று விளக்கினேன். "அப்ப பாலம் ஒடைஞ்சுதுன்னு செய்தி வந்தா நான் பாதிப் பாலத்துல இருப்பேன்" என்று முடித்துவிட்டார்.

---

மேலப்பாளையம்_மாலை

உங்கள் அப்பா சொன்னது வேடிக்கையாக இருந்தாலும் முழுக்க வேடிக்கை இல்லை. 2023 டிசம்பர் 17, 18 மழையை மறந்துவிட்டீர்களா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை மீறி வந்தது. எங்கள் தெருவில் முதலில் கரண்டு போனது, அப்புறம் நெட், அப்புறம் போன் டவர். வீட்டில் இரண்டு ஸ்மார்ட் பெட்டி, ஒரு ஸ்மார்ட் டிவி, எல்லாம் ஊமை. வாப்பாவின் டிரான்சிஸ்டர் ஒன்றுதான் பேசியது. அதற்கும் பேட்டரி சுவர்க் கடிகாரத்திலிருந்து கழற்றிப் போட்டோம்.

பாட்டுக்குப் பெட்டி வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. டிரான்சிஸ்டரைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். சாதாரணக் கரண்டு கட்டுக்கு, ரவுட்டருக்கு என்றே 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது, அதை மாட்டுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் ரவுட்டர் பிளக் அந்த லைனில் இல்லாத வீடுகள்தான் அதிகம்.

---

வயர்_அண்ணாச்சி

நேற்று ராத்திரி யோசித்தேன். ஆச்சிக்குத் தெரிந்த கருவிகளைப் பட்டியல் போட்டால் முதலில் வருவது சுவிட்ச். அமுக்கினால் வேலை நடக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒரு யோசனை.

ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி, சீட்டுக்கட்டு அளவு இருக்கும். அதில் ஜிபிஐஓ என்று வரிசையாகக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு கம்பியைச் சுவிட்ச் வழியாக அதே வரிசையில் இருக்கிற தரைக் கம்பியோடு (கிரவுண்ட்) தொட்டால், "அமுக்கினார்கள்" என்று கணினிக்குத் தெரியும். அதற்குத் தனிப் பொத்தான் வாங்க வேண்டாம். எலக்ட்ரிக் கடையில் காலிங் பெல் சுவிட்ச் கேளுங்கள். அமுக்கினால் தொடும், விட்டால் விலகும், அதுதான் தேவை. நாலு சுவிட்ச், ஒரு மரப்பெட்டி. ஒன்றாம் சுவிட்சுக்கு நாதஸ்வரம், இரண்டுக்கு வானொலி, மூன்றுக்கு ஆச்சி விருப்பம், நாலாவது நிறுத்த. ஒன்றை அமுக்கினால் எந்தப் பட்டியல் ஓட வேண்டும் என்பதற்கு ஒரு பக்க நிரல் போதும், நான் எழுதித் தருகிறேன்.

கவனிக்க வேண்டியது: அந்தக் கம்பிகளில் இருப்பது 3.3 வோல்ட். வீட்டுக் கரண்டு வயரை அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. சுவரில் இருக்கிற பெல் சுவிட்சை அப்படியே பயன்படுத்தலாமா என்று யாரும் கேட்காதீர்கள், கூடாது.

அடுத்து, பை 4 வரை ஹெட்போன் துளை இருக்கும், பை 5-ல் அதை எடுத்துவிட்டார்கள். பழையதாகக் கிடைத்தால் 3 போதும், நம் வேலைக்கு அதுவே யானை.

கடைசியாக, நம் ஊரில் இடி இடித்தால் ஆச்சிமார் முதலில் செய்வது பிளக்கைப் பிடுங்குவது. சாதாரணமாகப் பையை அப்படிப் பிடுங்கினால் மெமரி கார்டு கெட்டுப்போகலாம். பைகோர்பிளேயர் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. ஏறினதும் மொத்தத்தையும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு ஓடும், பிடுங்கினாலும் கவலை இல்லை. அதைப் போடுவோம்.

---

கல்லிடை_அப்பளம்

காலிங் பெல் சுவிட்சில் பாட்டா! அண்ணாச்சி, எனக்கும் ஒன்று. பஞ்சாபிக்கு ஒரு சுவிட்ச் சேர்த்து.

---

ஒலிப்பித்தன்_நெல்லை

இதை ஒப்புக்கொள்கிறேன். பையிலிருந்து பெரிய ஸ்பீக்கருக்குப் போனால் குடமும் வரும்.

மூன்றாம் சுவிட்சுக்கு என் பரிந்துரை: வீட்டில் இருக்கிற கேசட். சந்தா கட்டுகிற பாட்டுச் செயலிகளில் ஆயிரம் இருக்கலாம். சத்திரம்புதுக்குளத்தில் பிறந்து 2021-ல் பத்மஸ்ரீ வாங்கிய வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் ஐயாவைத் தேடினால் இணையத்தில் கிடைப்பார். உங்கள் ஊர்க் கோவில் கொடைத் திருவிழாவில் யாரோ மைக் செட்டுக்காரர் பதிந்த வில்லுப்பாட்டு எங்கே கிடைக்கும்? அது உங்கள் பரணில் மட்டும்தான் இருக்கும். டேப்பின் ஹெட்போன் துளையிலிருந்து கணினியின் லைன்-இன்னுக்கு ஒரு வயர், ஆடாசிட்டி மென்பொருள், அவ்வளவுதான். 90 நிமிடக் கேசட்டுக்கு 90 நிமிடம் ஆகும், வேகமாக ஓட்ட முடியாது. ஹெட்டைப் பஞ்சால் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள். பூஞ்சை பிடித்த கேசட்டை நல்ல டேப்பில் போடாதீர்கள், ஹெட் கெட்டுவிடும்.

---

தார்சா_ஓரம்

பதினைந்தாம் நாள் கணக்கு.

அக்கா மகனின் பெட்டி வீட்டில்தான் இருக்கிறது, ஆனால் மச்சுக்கு ஏறிவிட்டது. மகள் அதை விடமாட்டேன் என்றாள். பேசத் தெரிந்தவளுக்கு அது நல்ல பெட்டிதான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. குடும்பத் திட்டம் எடுத்துவிட்டோம். மகனுக்கு நாதஸ்வரம் நின்றுவிட்டது. "நின்னதும் ஒரு மாதிரி இருக்குப்பா" என்கிறான், போகட்டும்.

பட்டாசலில் வயர் அண்ணாச்சியின் மரப்பெட்டி. அவரே ஞாயிற்றுக்கிழமை வந்து, மறுவீட்டுச் சொதி மாதிரி ஒரு சொதி சாப்பிட்டுவிட்டு மாட்டிக் கொடுத்தார். பெட்டி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், பழைய பட்டுச்சேலை அட்டைப்பெட்டி அளவு. நாலு வெள்ளைச் சுவிட்ச். ஆச்சிக்கு எழுத்து மங்கலாகத்தான் தெரியும் என்பதால் ஒன்றில் மஞ்சள், ஒன்றில் குங்குமம், ஒன்றில் விபூதி நிறத்தில் ஸ்டிக்கர். நிறுத்துகிற சுவிட்ச் வெறுமனே. அப்பாவின் டிரான்சிஸ்டர் பழைய இடத்திலேயே இருக்கிறது. மேலப்பாளையம் நண்பர் சொன்னபடி புது பேட்டரி இரண்டு செட் வாங்கி அதன் மேலேயே வைத்திருக்கிறேன். கடிகாரம் பழையபடி சரியாக ஓடுகிறது.

குறை ஒன்று உண்டு. ஆச்சி சுவிட்சை அமுக்கிவிட்டுப் பொறுக்க மாட்டாள். பாட்டு வர மூன்று நொடி ஆகிறது, அதற்குள் நாலு தடவை அமுக்கிவிடுகிறாள். முதலில் நாலு முறையும் பாட்டு முதலிலிருந்து தொடங்கியது. ஒரு முறை அமுக்கினால் ஐந்து நொடிக்கு வேறெதையும் கேட்காதே என்று அண்ணாச்சி நிரலைத் திருத்தியபிறகு சரியானது.

சோதனை நடந்தது செவ்வாய்க்கிழமை. நான் கடையிலிருந்து மதியம் சாப்பிட வந்தேன். முடுக்குக்குள் நுழையும்போதே குடச் சத்தம். யார் வீட்டில் கொடை என்று நினைத்துக்கொண்டே வந்தேன். எங்கள் வீடுதான். விபூதி சுவிட்ச். ஆச்சி பிறந்த ஊர்க் கோவில் கொடையில் முப்பது வருடத்துக்கு முன்னால் பதிந்த கேசட், முத்துப்பட்டன் கதை. பாட்டு நடுவில் நிற்கிறது, யாரோ மைக்கைப் பிடித்து, "வரி பாக்கி வச்சிருக்கவங்க சாமக்கொடைக்கு முன்னாடி கமிட்டிக்காரங்ககிட்ட கட்டிருங்க" என்கிறார். அடுத்து வரிசையாகப் பெயர் வாசிக்கிறார். மூன்றாவது பெயர் என் தாய்மாமா.

ஆச்சிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "பாத்தியா, அன்னைக்கே கட்டலை. எங்கிட்ட கட்டிட்டேன்னு சத்தியம் பண்ணினான்."

---

பாளை_பஸ்ஸ்டாண்ட்

மாமா இப்போது இருக்கிறாரா?

---

தார்சா_ஓரம்

இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி ஆச்சி போன் போட்டிருக்கிறாள். என்ன விஷயம் என்று சொல்லவில்லை.